குடும்ப உறவுகளும் மூன்றாமவர் கடமையும்

தங்கள் கொடையினால் நமது ஆலய மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெற்று வரும் பெற்றோர் வகுப்பைத் தாங்கள் அறிவீர்கள். தேவார வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், வகுப்பு முடியும்வரை காருக்குள்ளேயே கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கும் பயன்படட்டுமே என்று தொடங்கியது அது. அவ்வகுப்பில் குடும்ப அமைப்புக் கோட்பாடு என்னும் பொருள் பற்றி நான் பேசியவற்றைக் கட்டுரையாக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் 34 ஆண்டுகள் ஆசிரியராகவும், அதில் பிற்பாதியில் மாணவர் நல ஆலோசக ஆசிரியராகவும் இருந்தவன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி. நான் மனநல மருத்துவன் அல்லன்.

ஆலய நிர்வாகக் குழுவில் இருப்போருக்கு வழிபாட்டுப் பணிகளோடு கேட்காமலே வந்து சேரும் பணி ஒன்று உண்டு. அதுதான் பஞ்சாயத்து. அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசைக்கு ஒரு தாய் வருகிறார். சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்கிறார். "ஐயா, நீங்க சொன்னா அவன் கேப்பான்" என்று தொடங்குகிறார். மகன் மேல் குறை, ஆனால் அதைக் கேட்பவன் நான். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மகன் வந்து, "அம்மாகிட்ட நீங்கதான் சார் பேசணும்" என்கிறார். ஒரு வீட்டுக்குள் எதிரெதிர் அறையில் உறங்கும் இருவர், தங்களுக்குள் பேச வேண்டியதை நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயிலுக்கு வந்து என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். இது ஏன் என்று சிந்திக்கப் புகுந்தால் நாம் நேரே வந்து சேருமிடம் மரே போவன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவரின் கருத்துகள்தாம்.

போவன் 1913ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்னும் சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது கண்டவை அவரை அறுவை மருத்துவத்திலிருந்து மனநல மருத்துவத்தின்பால் திருப்பின. 1954இல் வாஷிங்டனை அடுத்துள்ள பெதஸ்டாவில் இருக்கும் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர், அக்காலத்தில் யாரும் துணியாத ஒன்றைச் செய்தார். நோயாளியை மட்டும் மருத்துவமனையில் வைத்துக்கொண்டு குடும்பத்தாரை 'பார்வையாளர் நேரத்தில்' வரச் சொல்வதுதான் வழக்கம். போவனோ முதலில் நோயாளியோடு தாயையும், பின்னர் தந்தை, உடன்பிறந்தோர் என்று குடும்பம் முழுவதையுமே வார்டில் குடியமர்த்தினார். அங்கே இரவும் பகலும் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் முகம் வாடினால் யாருக்குத் தலைவலி வருகிறது என்று கவனித்தார்கள். குடும்பம் என்பது தனித்தனி மனிதர்களின் தொகை போல நடந்துகொள்ளவில்லை. ஒருவரின் பதற்றம் அடுத்தவருக்குத் தாவி, அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போய் உட்கார்ந்தது. ஒரே உடம்பின் உறுப்புகள் போல அவர்கள் இயங்கினார்கள். 1959இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய போவன், 1966இல் தம் கோட்பாட்டை ஆறு கருத்துகளாக வெளியிட்டார். 1970களில் இரண்டைச் சேர்த்து எட்டாக்கினார். 1990இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார்.

எட்டையும் இங்கே விளக்கப் போவதில்லை. நமக்கு உடனே உதவுவது முக்கோணம் என்னும் கருத்து. இருவருக்கிடையே உள்ள உறவு அமைதியாக இருக்கும்வரை இருவரே போதும். மனத்தாங்கல் ஏறத் தொடங்கியதும், அதைத் தாங்க முடியாத ஒருவர் மூன்றாவது ஆளை இழுப்பார். அந்த ஆள் மாமியாராக இருக்கலாம், மகளாக இருக்கலாம், வேலையிடத் தோழியாக இருக்கலாம், கோயில் கமிட்டிக்காரராகவும் இருக்கலாம். சொல்லி முடித்தவுடன் சொன்னவருக்குப் பாரம் இறங்கியது போல் இருக்கும். பாரம் உண்மையில் எங்கும் போய்விடவில்லை, தோள்தான் மாறியிருக்கிறது. உரியவரிடம் பேச வேண்டிய கட்டாயம் குறைந்துவிடுவதால் பழைய பிணக்கு அப்படியே பத்திரமாக இருக்கும். போவன் நுட்பமாகக் கண்ட இன்னொன்று: அமைதியான நாள்களில் இருவர் நெருங்கியிருக்க, வெளியே நிற்கும் மூன்றாமவர் உள்ளே வரத் துடிப்பார். புயல் அடிக்கும் நாளிலோ அந்த வெளியிடந்தான் சுகமான இடம். "அது அவங்க ரெண்டு பேர் விஷயம்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்ளும் மாமனார்களை நாம் எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கிறோம்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய். தோட்டம் துண்டாடப்பட்ட பின் மகனின் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மருமகள் தாதி. மருமகள் இரவுப் பணி முடிந்து காலையில் வந்து படுத்தால், "வெயில் ஏறியும் எழும்பல" என்று தாய் மகனின் வேலையிடத்துக்குப் போன் செய்வார். மதியம் எழுந்த மருமகள், "உங்கம்மா பாத்திரத்தை வேணும்னே உருட்டுறாங்க" என்று அதே எண்ணுக்குச் செய்தி அனுப்புவார். மகன் மாலையில் வீடு திரும்பி, அம்மாவிடம் மனைவியின் களைப்பையும் மனைவியிடம் அம்மாவின் முதுமையையும் விளக்குவார். இப்படி ஆறு ஆண்டுகள். அவர் இருவருக்கும் நல்லவராக இருக்கவே முயன்றார். அதனாலேயே அந்த இரு பெண்களும் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டிய தேவை எழவில்லை. அந்த மகனுக்கு நாற்பத்தொரு வயதில் இரத்த அழுத்தம் வந்தது. இதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது குறைய இது உதவியிருக்காது.

இத்தகைய இடத்தில் நம் சமூகம் மகனுக்கு இரண்டே வழிகளைக் காட்டும். பெற்றவளுக்கு அடங்கி நட, அல்லது தனிக்குடித்தனம் போ. முதலாவதைப் பண்பாடு என்கிறோம், இரண்டாவதை மேல்நாட்டு நாகரிகம் என்கிறோம். போவனின் சிறந்த கருத்தாக நான் மதிப்பது இந்த இடத்தில்தான் வருகிறது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அம்மா முகம் கோணினால் தன் முடிவை மாற்றிக்கொள்பவனும், அம்மா முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் தன் முடிவில் நிற்க முடியும் என்று ஈப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறவனும், அந்த முகத்துக்கு ஒரே அளவு கட்டுப்பட்டவர்கள்தாம். இவற்றுக்கு மாறாக மூன்றாவதாக ஒன்றை அவர் சொன்னார். தமிழில் அதைத் 'தன்னிலை' என்று வகுப்பில் சொல்லி வருகிறேன். உறவை விட்டு விலகாமல், அதே சமயம் உறவின் கொதிப்பில் கரைந்தும் போகாமல், நான் நினைப்பது இது, நான் செய்யக்கூடியது இது, செய்ய முடியாதது இது என்று நிதானமாகச் சொல்லி, அதன் பிறகும் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் திறன். போவனைப் படித்தவர் சிலர் இதனைத் தனித்துப் போவதற்கான உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. ஆணின் விலகலைத் திறமையாகவும் பெண்ணின் நெருக்கத்தைக் குறையாகவும் காட்டிவிடும் அபாயம் இக்கோட்பாட்டில் உண்டென்று பெண்ணுரிமைச் சிந்தனையாளர்கள் 1980களிலேயே கண்டித்தார்கள். அக்கண்டனத்தில் நியாயம் இருக்கிறது.

தாமான் வீட்டு மகன் என்ன செய்தார்? மூன்றாமவர் கடமை என்று வகுப்பில் நான் சொன்னதை எடுத்துக்கொண்டார். இதற்கு மூன்று பகுதி. இருவரோடும் தொடர்பை விடக்கூடாது. எவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கும் இதில் முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் செய்தால் அது வெறும் அலட்சியம். ஆகவே அவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் தாயோடு கால் மணி நேரம் உட்கார்ந்தார். மருமகளைப் பற்றிய பேச்சு வந்தால், "அதை அவகிட்டயே சொல்லுங்கம்மா, உங்க முழங்கால் எப்படி இருக்கு?" என்றார். முழங்கால் பற்றியும் பழைய தோட்டத்தைப் பற்றியும் பேச்சு நீண்டது. மனைவியிடமும் அவ்வாறே. அவர் கோபப்படவில்லை, உபதேசமும் செய்யவில்லை.

பலன் உடனே நன்றாக இருந்தது என்று எழுதினால் அது பொய். முதல் மாதம் நிலைமை மோசமாயிற்று. தாய் சாப்பிட மறுத்தார். "பொண்டாட்டி சொல்லிக் கொடுத்துட்டா" என்று தங்கைக்குப் போன் செய்தார். தங்கை அண்ணனைத் திட்டினார். இதுவும் போவன் முன்கூட்டியே சொன்னதுதான். ஒருவர் தம் பழைய பாத்திரத்தை விட்டால் குடும்பம் முழுவதும் அவரைப் பழைய இடத்துக்கே திருப்பத் தள்ளும். முதலில் 'நீ செய்வது தவறு' என்பார்கள், பிறகு 'பழையபடி மாறிவிடு' என்பார்கள், அதன் பின் 'மாறாவிட்டால் இன்னது நடக்கும்' என்பார்கள். இந்த மூன்றையும் சண்டையிடாமலும் ஓடாமலும் தாண்ட வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதிலேயே திரும்பிவிடுகிறார்கள். நமது நண்பர் தாண்டினார். இன்று மாமியாரும் மருமகளும் தோழிகளாகிவிடவில்லை. நேரடியாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் கண்டது முக்கோணத்தின் மூன்றாம் மூலையில் பிள்ளை அமரும் வகை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை காலைகளில் வயிற்று வலி. கிளினிக்கில் ஒன்றும் இல்லை என்றார்கள். தந்தை, நம் ஜொகூர் மக்கள் ஆயிரக்கணக்கானோரைப் போல, சிங்கப்பூரில் வேலை செய்தவர். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு பாலம் கடந்து போய்விடுவார். அந்த ஒரு நாளில் கணவன் மனைவிக்குள் பணம் பற்றிப் பேச வேண்டியது மலைபோல் இருந்தது. பேசினால் வெடிக்கும். ஆகவே இருவரும் பையனின் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருந்த ஒரே விஷயம் அது. தாயின் பதற்றம் பிள்ளையைப் போய்த் தொடுகிறது, பிள்ளை அதற்கேற்ப நோயாளியாகிறான், அதைக் கண்டு தாய் இன்னும் பதறுகிறாள் என்ற சுழலைப் போவன் குடும்பத்தின் சுமை பிள்ளைமேல் படியும் முறையாக விவரித்தார். நான் பையனுக்கு ஆலோசனை கூறவே இல்லை. பெற்றோர் இருவரையும் ஒரே நேரத்தில் ஞாயிறு மாலை சந்தித்து, பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மாதச் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்று சந்திப்புகள். வயிற்று வலி முழுவதும் நிற்கவில்லை, ஆனால் அந்த ஆண்டின் இரண்டாம் பருவத்தில் அவன் இரண்டு நாள் மட்டுமே விடுப்பு எடுத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. போவன் ஆராய்ந்த நோய் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு. அதற்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பிணைப்பே வேர் என்று அவர் காலத்தில் நம்பினார்கள். அது சரியன்று. மரபணுவுக்கும் மூளையின் இயக்கத்துக்கும் அந்நோயில் பெரும்பங்கு உண்டென்று இன்று தெரியும். மருந்தே முதல் சிகிச்சை. வீட்டில் அமைதியிருந்தால் நோய் மறுபடி வருவது குறையும் என்பதும் தெரியும். ஆகவே நோயுற்ற பிள்ளையின் தாயை நோக்கி யாரும் விரல் நீட்ட வேண்டா. இன்னொன்று, அடி உதை நடக்கும் வீட்டில் 'உன் பங்கு என்ன' என்று அடிபடுபவரைக் கேட்பது அநீதி. அதற்கு 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. அந்த வழக்குகள் அர்ச்சனை மேசைக்கு வந்தால் நாங்கள் முக்கோணம் பற்றிப் பேசுவதில்லை.

இனி என் மனத்தை அதிகம் வருத்தும் பகுதிக்கு வருகிறேன். நம் ஆலயத்தில் முன்னோர் திதிக்குப் பெயர் பதியும் ஏடு ஒன்று உண்டு. அதில் ஒரே பெயர், ஒரே நட்சத்திரம், ஒரே நாள், ஆனால் இரண்டு ரசீது என்று சில பதிவுகள் இருக்கின்றன. முதலில் எழுத்தரின் பிழை என்றுதான் எவரும் நினைப்பர். பிழை இல்லை. அண்ணன் காலை எட்டு மணிக்கு வருகிறார், தம்பி பதினொன்றுக்கு வருகிறார். இருவரும் ஒரே தந்தைக்குத்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். சந்தித்துவிடாதபடி நேரம் குறித்துத் தர வேண்டியது நமது எழுத்தரின் வேலை. தந்தையின் சேமநிதிப் பணத்திலோ, வீட்டுப் பெயர் மாற்றத்திலோ தொடங்கியிருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகிவிட்டதால் எது காரணம் என்பதில்கூட இரு வீட்டாரும் உடன்படுவதில்லை. அவர்களின் பிள்ளைகள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அருகருகே மோர் ஊற்றுகிறார்கள், தாங்கள் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் என்று அறியாமல்.

இதனைப் போவன் உறவுத் துண்டிப்பு என்றார். பேச்சை நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பது நம் எண்ணம். அவர் கண்டது வேறு. துண்டித்துக்கொண்டவர் அந்தச் சூட்டையும் தம்மோடு எடுத்துக்கொண்டு போகிறார். அண்ணனிடம் எதிர்பார்த்துக் கிடைக்காததை மனைவியிடமும் பிள்ளையிடமும் இரட்டிப்பாக எதிர்பார்க்கிறார். அங்கும் கொதிப்பு ஏறுகிறது. மேலும், வருத்தம் வந்தால் பேச்சை நிறுத்துவதுதான் வழி என்பதை அவர் பிள்ளைகள் பாடமே நடத்தாமல் கற்றுக்கொள்கிறார்கள். தந்தை அண்ணனோடு பேசாத வீட்டில் மகன் தந்தையோடு பேசாமல் போவதை நான் மூன்று குடும்பங்களில் பார்த்துவிட்டேன். நம் மக்களுக்கு இதில் ஒரு கூடுதல் வரலாறும் உண்டு. கப்பலேறி வந்த பாட்டன்மாரில் பலர் ஊரோடு கொண்ட தொடர்பை அத்துடன் விட்டார்கள். கடிதம் நின்றது, பணம் அனுப்புவது நின்றது. பின்னர் தோட்டங்கள் கைமாறியபோது ஒரு லயத்தில் வாழ்ந்தவர்கள் பல தாமான்களுக்குச் சிதறினார்கள். பிரிவை வறுமையும் முதலாளிகளும் நம்மேல் சுமத்தினார்கள் என்பது உண்மையே. ஆயினும் பிரிந்து பழகிய கை, தேவையில்லாதபோதும் வெட்டத் துணிகிறது.

இதற்கு வழியாகப் போவன் தம் குடும்பத்திலேயே ஒன்றைச் செய்து பார்த்தார். 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஒரு மாநாட்டில் கோட்பாட்டுக் கட்டுரை வாசிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அவர் தம் தாய் தந்தை, தம்பி தங்கையரோடு தாம் நடத்திய முயற்சியை எடுத்துச் சொன்னார். குடும்பத் தொழில் தொடர்பான மனத்தாங்கல் ஊரில் புகைந்துகொண்டிருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் தம்மிடம் சொன்ன புறம்பேச்சுகளை மறைக்காமல் உரியவருக்கே கடிதமாக எழுதிவிட்டு, பிறகு நேரில் போனார். எல்லாருக்கும் அவர்மேல் கோபம், ஆனால் எவரும் எவர் பக்கமும் அவரை இழுக்க முடியவில்லை. பேச வேண்டியவர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்த உரை 1972இல் அச்சானபோது குடும்பத்தாரின் நலன் கருதி ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்தது. கடித உத்தியை நம்மவர் அப்படியே பின்பற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன், வீடு பற்றிக்கொள்ளும். எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒருவரை ஒருவராக, தனித்தனியே, நேரில் போய்ப் பார்ப்பது என்பதை.

அந்த ஏட்டில் உள்ள தம்பிகளில் ஒருவர் இதைத் தொடங்கியிருக்கிறார். வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று முதலில் முடிவு செய்துகொண்டார். தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேண்ணே" என்றார். அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. அண்ணி உள்ளேயிருந்து தண்ணீர் மட்டும் கொடுத்தனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி போனார். அப்போது கேட் திறந்தது, பேச்சு மழையைப் பற்றியும் காரைப் பற்றியும் இருபது நிமிடம். சென்ற திதிக்கும் இரண்டு ரசீதுதான். ஆனால் அண்ணன் காலை எட்டு மணிக்குப் பதில் பத்தரைக்கு வந்தார். எழுத்தர் இதை என்னிடம் ஓடிவந்து சொன்னார்.

பிறப்பு வரிசை பற்றியும் வகுப்பில் பலர் கேட்டார்கள். ஆஸ்திரிய உளவியலாளர் வால்டர் டோமன் 1961இல் எழுதிய நூலிலிருந்து போவன் அதை எடுத்துக்கொண்டார். மூத்தவர் பொறுப்பாளி, கடைக்குட்டி செல்லம் என்பது நமக்கும் பழக்கமான பேச்சு. பின்வந்த பெரிய ஆய்வுகளில் பிறப்பு வரிசைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியதாகவே தெரிகிறது. பொருத்தம் பார்க்க இதைப் பயன்படுத்த வேண்டா.

நிர்வாகக் குழுவுக்கும் முக்கோணம் புதிதன்று. தலைவர்மேல் உள்ள வருத்தத்தைப் பொருளாளர் செயலாளரிடம் சொல்வதும், செயலாளர் அதைத் தேநீர்க் கடையில் மூத்த உறுப்பினரிடம் சொல்வதும் எந்த ஆலயத்தில் இல்லை? கடந்த ஆண்டுமுதல் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியுள்ளோம். கூட்டத்தில் இல்லாத உறுப்பினர்மீது குறை வந்தால், அவர் வரும் கூட்டத்துக்கு அதைத் தள்ளிவைப்போம். கூட்டங்கள் இப்போது அரை மணி நேரம் முன்னதாகவே முடிகின்றன.

இவ்வாண்டு வகுப்பில் குடும்ப வரைபடம் வரையும் பயிற்சி தொடங்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே பெருக்கல் குறி, மணமானவர்களை இணைக்க ஒரு கோடு, பிள்ளைகள் மூத்தவரிலிருந்து இடமிருந்து வலமாக. குறைந்தது மூன்று தலைமுறை. நெருக்கமானவர்களுக்கு இரட்டைக் கோடு, பிணக்குக்கு வளைந்து நெளிந்த கோடு, பேச்சு நின்றவர்களுக்கு நடுவே அறுந்த கோடு. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, தோட்டம் மாறிய ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுத வேண்டும். தெரியாதவற்றுக்கு வீட்டுப் பெரியவரிடமோ, பேசாமல் விட்ட சித்தப்பாவிடமோ கேட்டு வர வேண்டியிருக்கும். பெரிய தாளை ஆலயமே தரும். வருவோர் பென்சிலும் அழிப்பானும் கொண்டுவரவும். பேனா வேண்டா, கேட்கக் கேட்கத் திருத்தங்கள் நிறைய வரும்.